வாடைக் காலமும் வறியவர் வீடும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழித் திங்களில், தில்லியிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் என்னோடு காலையில் உலாவ வந்தார். என் தலையில் இருந்த கம்பளிக் குல்லாயையும் கழுத்தைச் சுற்றியிருந்த துண்டையும் கண்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுவும் ஒரு குளிரா?" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. நாற்பது ஆண்டு ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு, சில வினாக்களுக்கு உடனே விடை சொல்லிவிடக் கூடாது என்பது தெரியும்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டு வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினர். பின்னர் அங்கே எழுந்த வானிலை நிலையத்தின் ஏடுகளில் சென்னையின் மிகக் குறைந்த வெப்பநிலை என்று பதிவாகியிருப்பது 13.9 பாகை செல்சியசு. அது இருமுறை நேர்ந்தது: 1895 டிசம்பர் 11-இல் ஒரு முறை, 1905 ஜனவரி 29-இல் மற்றொரு முறை. வழக்கமான மார்கழி இரவுகளில் இருபது பாகை அளவில் நின்றுவிடும். தில்லிக்காரர் அதைக் கண்டு சிரிப்பது இயல்பே. இன்னும் ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கள் கடற்கரையிலிருந்து வடக்கே சிறிது தொலைவு நடந்தால், இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டடம் தோன்றும். அது 1842-இல், அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பெற்ற 'ஐஸ் ஹவுஸ்'. குளிரைக் கடல் கடந்து விலை கொடுத்து வாங்கிய ஊர் இது. இந்த ஊருக்குக் குளிர்காலம் ஏது என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் குளிரை வெப்பமானி மட்டும் அளந்துவிட முடியாது. ஈரமான உடம்பு வறண்ட உடம்பைவிட விரைந்து சூட்டை இழக்கிறது. ஈர உடம்பின்மேல் காற்றும் வீசினால் இழப்பு இன்னும் மிகுகிறது. சென்னை ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களை ஒட்டியே பெய்கிறது. அதனோடு வடக்கிலிருந்து வாடைக் காற்றும் வருகிறது. கூரை ஒழுகி, தரை ஓதம் ஏறி, மாற்றுத் துணி உலராமல் கிடக்கும் ஒரு வீட்டில், இருபது பாகைக் குளிரே கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் போதும் போதும் என்று ஆகிவிடும். இந்த நாட்டில் குளிரின் வரலாறு என்பது பெரும்பாலும் ஈரத்தின் வரலாறு. வறுமையின் வரலாறும் அதுவே.

எங்கள் ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். பட்டினப்பாக்கம் என்னும் பெயர் சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினம் இரு பகுதியாக இருந்தது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம், உள்ளே அமைந்தது பட்டினப்பாக்கம். அரசவீதியும் பெருவணிகர் மாளிகைகளும் அங்கே இருந்தன. ஆயுள்வேதர் எனப்பட்ட மருத்துவரும், காலத்தைக் கணிப்பவரும் அங்கே வாழ்ந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார். சென்னைப் பட்டினப்பாக்கமோ கடலை ஒட்டியே கிடக்கிறது. பெயர் ஒன்று, இருப்பிடம் வேறு. எனினும் காலத்தை அறிபவனும் உடலை அறிபவனும் அடுத்தடுத்து எண்ணப்பட்டிருப்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே தோன்றும். பருவம் அறியாதவன் நோயை அறிய மாட்டான்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆறில் மூன்று பருவங்களுக்குக் குளிர்ச்சியை ஒட்டியே பெயர் வைத்த மக்களை நோக்கி 'உங்களுக்குக் குளிர் தெரியாது' என்று யாரும் சொல்லிவிட முடியாது. இப்பருவங்களில் தமிழர் வீட்டில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குப் பழைய சான்று வேண்டுமாயின் பத்துப்பாட்டிற்குள் நெடுநல்வாடையைத்தான் எடுக்க வேண்டும். நக்கீரர் பாடிய அது 188 அடிகளே உடையது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். அதன் பின்னரே இந்தப் பாட்டு மாணவர் கைக்கு எட்டியது.

பாட்டை வரலாற்று மாணவனின் கண்ணோடு படித்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஊருக்கு வெளியே கோவலர் நிற்கின்றனர். வெள்ளம் வந்ததால் மந்தையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்றவர்கள் அவர்கள். கொள்ளி மூட்டிக் கையைக் காய்ச்சுகிறார்கள். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டும் நடுக்கம் தீரவில்லை. விலங்குகள் மேய்ச்சலை மறந்தன. குரங்குகள் கூனிக் குறுகின. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்தது. இது ஊர்ப்புறத்துக் குளிர்.

அடுத்து நகரத்து மாளிகைக்குள் நுழைகிறார் புலவர். அங்கே குளிரின் அடையாளமாக அவர் காட்டுவன எல்லாம் பயன்படாமல் கிடக்கும் பொருள்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. அழகிய விசிறியைச் சுருக்கி முளையில் தொங்கவிட்டார்கள். அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. தென்றல் வரும் மேல்மாடத்துச் சாளரக் கதவுகள் தாழிட்டுக் கிடக்கின்றன. குறுகிய வாயுள்ள கலத்துக் குளிர்ந்த நீரைக் குடிப்பார் இல்லை. அகன்ற வாயுடைய 'தடவு' என்னும் நெருப்புச் சட்டியில் கங்கு நிரப்பி அதைச் சுற்றி அமர்கிறார்கள். வீட்டுப் புறா இரை தேடப் போகாமல், உத்தரக் கட்டையில் இருந்தபடியே கால் மாற்றி மாற்றி நிற்கிறது. அரண்மனையிலோ அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவியை நிரப்பிய மெத்தை. இத்தனை சூட்டுக்கு நடுவிலும் அவளுக்கு ஆறுதல் இல்லை. அரசன் பாசறையில் இருக்கிறான்.

அந்தப் பாசறைக் காட்சியை நான் வகுப்பில் எத்தனை முறை நடத்தினேனோ, நினைவில்லை. நள்ளிரவு, மழைத் தூறல். வடக்கிலிருந்து காற்று அடிப்பதால் விளக்கின் சுடரெல்லாம் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. எத்துணை நுட்பமான கண் என்று பாருங்கள். காற்றின் திசையைச் சுடரைக்கொண்டே காட்டிவிட்டார். புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வருகிறான் வேந்தன். இடத்தோளிலிருந்து மேலாடை நழுவுகிறது. அதை அணைத்துக்கொண்டே நடக்கிறான். குளிர்காய்வது எப்படி என்று பாடிக்கொண்டு வந்த பாட்டு, தான் குளிரில் நனைந்து பிறரை விசாரிக்கும் ஒருவனிடம் வந்து முடிகிறது.

தடவும் தூவி மெத்தையும் செல்வர் வீட்டுப் பொருள்கள். செலவில்லாத வழி ஒன்றைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மதுரையின் பருவங்களை வருணிக்கும் ஊர்காண் காதையில், கூதிர் வந்ததும் சிறிய சாளரங்களை அடைத்துவிடுகிறார்கள்; முன்பனியில் ஞாயிறு தெற்கே சாய்ந்தபோது நிலாமுற்றத்தில் அமர்ந்து இளவெயில் காய்கிறார்கள். அங்கும் வளமனையினரைத்தான் அடிகள் பாடுகிறார். ஆனால் வெயிலுக்கு வளமனை வேண்டுவதில்லை. கணக்காகவே பார்க்கலாம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு நேரே நில்லாமல், தெற்கே 36 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். எனவே கோடையில் வெயிலே புகாத தெற்குச் சாளரம் பனிக்காலத்தில் வெயிலை உள்ளே கொண்டுவரும். வடக்குச் சாளரம் வாடையைக் கொண்டுவரும். வடக்கை அடைத்துத் தெற்கைத் திறந்து, பாயையும் தலையணையையும் அந்த வெயிலில் இட்டு எடுத்தால், வீட்டின் ஓதம் பாதி குறைந்துவிடும். இதற்கு ஒரு காசும் வேண்டாம்.

அப்படியாயின் இல்லாதவன் என்ன செய்தான்? அதற்கும் தமிழில் சான்று உண்டு. சத்திமுற்றப் புலவர் என்று பெயர் மட்டும் தெரியும் ஒருவர், வறுமை தாங்காமல் ஊரை விட்டு மதுரைக்கு வந்தார். வாடைக் குளிரில் ஒதுங்கிக் கிடந்தபோது, வானில் பறந்த நாரையைப் பார்த்து, ஊரில் இருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு பாடினார். கையால் உடம்பைப் பொத்தி, காலை மடக்கி மேலே அணைத்து, பேழைக்குள் சுருண்ட பாம்புபோல மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாகத் தம்மைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். நகர்வலம் வந்த பாண்டியன் அதைக் கேட்டு அவருக்கு உதவினான் என்பது வழிவழி வந்த செய்தி. மயிலுக்குப் போர்வை தந்த பேகனை எல்லாரும் போற்றுகிறார்கள். நானும் போற்றுகிறேன். ஆனாலும் அந்தப் போர்வைக்குத் தேவை உள்ளவன் ஒருவன் பக்கத்துத் தெருவில் கிடந்திருப்பானோ என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-களின் இறுதியில், எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன், கார்த்திகை பிறந்தது முதல் நாள்தோறும் முதல் பாடவேளையிலேயே உறங்கிவிடுவான். சோம்பல் என்று முடிவு செய்து, இரண்டு வாரம் அவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தினேன். பிறகு அவன் வரவில்லை. தேடிக்கொண்டு அடையாற்று முகத்துவாரத்துப் பக்கம் அவன் குடிசைக்குப் போனேன். தரையில் கால் வைத்தால் நீர் கசிந்தது. இருந்தது ஒரே பாய். அதில் தங்கையும் இரு தம்பியரும் படுத்திருந்தனர். இவன் காய்ச்சலோடு மூலையில், கைகளால் மார்பைப் பொத்திக்கொண்டு, முழங்காலை முகவாயோடு சேர்த்து உட்கார்ந்திருந்தான். பாயில் நால்வருக்கு இடமில்லை. ஆகவே இரவெல்லாம் அவன் உட்கார்ந்தே இருந்திருக்கிறான். அந்தப் புலவரின் பாட்டை அதுவரை பல முறை நடத்தியவன் நான். அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

அன்று நாங்கள் செய்தது மிகச் சிறிது. தரையில் செங்கல் அடுக்கி அதன்மேல் பழைய பலகை போட்டோம். பலகைமேல் அரிசிச் சாக்கு இரண்டு, அதன்மேல் கோரைப் பாய். என் மனைவி பழைய நூற்புடவைகளை நான்காக மடித்து, ஓரமும் நடுவும் தையலிட்டுப் போர்வையாக்கிக் கொடுத்தாள். இவற்றில் ஒன்றுகூடச் சூட்டைத் தருவதன்று என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சூடு தருவது நம் உடம்பே. அந்தச் சூடு ஓடிவிடாமல் காப்பது துணியைவிடத் துணிகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று. கனத்த போர்வை ஒன்றைவிட மெல்லிய துணி மூன்று நல்லது என்று பாட்டிமார் சொல்வதற்குக் காரணம் இதுதான். சாக்கின் இழைகளுக்கு நடுவிலும், இலவம்பஞ்சின் நாருக்குள்ளும், அரசியின் அன்னத் தூவிக்குள்ளும் அடங்கியிருப்பது அதே காற்றுத்தான். நனைந்துவிட்டாலோ, காற்றின் இடத்தில் நீர் புகுந்துவிடும். பிறகு போர்வையே பகை.

நெருப்புக்கு வருவோம். தடவில் கங்கு வைத்துக் குளிர்காய்ந்த வழக்கம், கரிக்குமுட்டியாக என் இளமைக் காலம் வரை நீடித்தது. 1960-களின் இறுதியில் ஒரு புயல்மழை இரவு. என் பாட்டி குமுட்டியில் கரியைக் கனியவைத்து உள்ளறையில் கொண்டுவந்து வைத்தாள். சாரல் அடிக்கிறதென்று கதவு சாளரம் எல்லாவற்றையும் அடைத்தோம். நடு இரவில் எனக்குத் தலை பிளந்தது. எழுந்திருக்கக் கால் ஒத்துழைக்கவில்லை. நல்லவேளையாக, மாட்டைப் பார்க்க எழுந்த என் தந்தையார் எங்கள் அறைக் கதவைத் திறந்தார். பாட்டியைத் திண்ணையில் கிடத்தி முகத்தில் நீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பேய் பிடித்தது என்றார்கள்.

பிடித்தது கார்பன் மோனாக்சைடு. கரி போதிய காற்று இல்லாமல் எரியும்போது உண்டாகும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் நெருக்கமாகப் பற்றிக்கொள்ளும். பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாடு பெர்னார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதன் செயலை ஆராய்ந்து விளக்கினார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே மக்கள் தடவைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். ஓட்டுக் கூரையிலும் ஓலைக் கூரையிலும் காற்றுப் போக இடுக்கு இருந்தது. அதுவே அவர்களைக் காத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இன்றைய சிமெண்டு அறையில் அந்த இடுக்கு இல்லை. மூடிய அறையில் கரிச் சட்டி வைத்து உறங்கியவர்கள் விடியலில் எழாத செய்தி இன்றும் நாளிதழில் வருகிறது.

உலகம் இந்தச் சிக்கலைப் பலவாறு தீர்க்க முயன்றது. உரோமானியர் தரைக்கு அடியில் வெற்றிடம் விட்டுச் சூடான காற்றைச் செலுத்தினர். கொரியர் அடுப்புப் புகையைத் தரைக் கல்லுக்கு அடியில் ஓடவிட்டு அந்தக் கல்லின்மேல் படுத்தனர். காசுமீரத்து ஏழை, பிரம்புக் கூடையில் வைத்த மண்சட்டிக் கங்கை அங்கிக்குள் வைத்துக்கொண்டான். காங்கிரி எனப்படும் அந்தச் சட்டி பட்ட தோலில் நாளடைவில் புற்று உண்டாவதை மருத்துவர்கள் கண்டு, அதன் பெயராலேயே அந்நோயை அழைத்தனர். அவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது நம் நீலகிரித் தோடர்களின் வீடு. பாதிப் பீப்பாய் கவிழ்த்தாற்போன்ற வளைந்த கூரை. தவழ்ந்து நுழைய வேண்டிய அளவே உயரமுள்ள வாயில். சிறிய வாயிலில் வாடை புகாது. சிறிய இடத்தை ஓர் அடுப்பும் நாலைந்து மனித உடம்பும் சூடாக்கிவிடும். மேலே போர்த்துவது சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த 'பூத்துக்குளி' என்னும் கனத்த துணி. அந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மலையில் பின்னர் வந்து குடியேறிய ஆங்கிலேயர் பெரிய அறைகளும் கணப்பு அடுப்புகளும் கட்டினார்கள். அவற்றிற்கு விறகு வெட்டிச் சோலைக் காடுகள் அழிந்தன. விறகுக்காகவே தைல மரங்களை நட வேண்டியதாயிற்று. யார் கட்டடக்கலை அறிந்தவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆயுள்வேதர் இருக்கிறார். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்துக்குத் திரிகடுகம் என்று பெயர். நல்லாதனார் தம் நீதிநூலுக்கு அந்தப் பெயரையே சூட்டினார். அந்த அளவுக்கு அம்மருந்து எல்லாரும் அறிந்ததாக இருந்தது. மிளகுக்காக யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்தனர். நம் ஏழை அதைக் கூழிலும் சாற்றிலும் போட்டுக் குடித்தான். தீபாவளி இலேகியமும், மார்கழி வெண்பொங்கலில் இடும் மிளகும் இஞ்சியும், கருப்பட்டி போட்ட சுக்குநீரும் பருவத்தோடு வந்தவையே. இவை நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும். உடம்புக்கு நீர் சேரும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் மருத்துவமனைக்குப் போவதே முறை. என்னைப் பார்த்துச் சிரித்த தில்லி அன்பர், மூன்றாம் நாள் தூறலில் நனைந்து மூக்கடைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மிளகு இரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தக் கம்பளிக் குல்லாய் இப்போது தில்லியில் இருக்கிறது.

குளிர்காலத்து நீரில் இன்னொரு கேடும் உண்டு. மழைநீர் தேங்கிய தொட்டியிலும் மூடாத பீப்பாயிலும் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். அது பகலில் கடிக்கும் கொசு. போர்வையும் நெருப்பும் அதற்கு மருந்தல்ல. ஒரு மூடியும் வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவும் ஒரு தேங்காய் நாரும் போதும்.

உடுக்கத் துணி இல்லாதவரைக் கண்டு காந்தியடிகள் தம் உடையைக் குறைத்துக்கொண்டது, 1921 செப்டம்பர் 22-இல், நம் மதுரையில். பத்து ஆண்டுக்குப் பின், 1931-இல், இலண்டன் குளிருக்கும் அவர் அரையாடையோடும் ஒரு சால்வையோடும் சென்றார். இலவச வேட்டி சேலைத் திட்டம் 1983-இல் தமிழ்நாட்டில் தொடங்கிற்று. பொங்கலை ஒட்டி, பனியின் நடுவே, நெசவாளிக்கு வேலையும் ஏழைக்குத் துணியுமாக அது அமைந்தது. 2010 ஜனவரியில் தில்லிக் குளிரில் வீடற்றோர் பட்ட துயரை ஒட்டி உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நகரங்களில் இலட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் என்ற ஏற்பாடு நாடெங்கும் பேசப்பட்டது அதற்குப் பிறகே. பாண்டியன் தற்செயலாக நகர்வலம் வந்தால்தான் புலவனுக்குப் போர்வை என்ற நிலையிலிருந்து, அது கேட்டுப் பெறும் உரிமை என்ற நிலைக்கு வர நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

எங்கள் கடற்கரை இரு பெரும் குளிரிரவுகளைக் கண்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி மாதம். ஆழிப்பேரலை சீனிவாசபுரத்துக் குடிசைகளை வாரிச் சென்றது. அன்றிரவு உயிர் பிழைத்தோர் உலர்ந்த தரை கிடைத்த இடமெல்லாம் படுத்தனர். 2015 டிசம்பர் முதல் நாள்களில் அடையாறு கரை புரண்டது. இரு முறையும் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் முதலில் கேட்டது சோறு அன்று. "ஐயா, காய்ந்த துணி ஏதாவது இருக்கிறதா?" என்பதே. 2015-இல் அப்படிக் கேட்டு வந்தவர்களுள் நாற்பது வயதுள்ள ஒருவர், தோளில் உறங்கிய குழந்தையோடு நின்றார். "சார், நான் உங்கள் மாணவன், பெஞ்சின்மேல் நின்றவன்," என்றார். என் மனைவி உள்ளே போய், மடித்துத் தைத்த புடவைப் போர்வை ஒன்றை எடுத்து வந்தாள். அவர் அதை வாங்கி, விரித்துப் பார்த்து, ஓரத்துத் தையலை விரலால் தடவினார். பிறகு குழந்தையைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேலே ஏற்கெனவே பதினொரு பேர் படுத்திருந்தார்கள்.